அம்மி சத்தம் கேட்காத கோழிச்சோறு

சமையல் சுலபமான வேலை என்று சொல்கிறவர்களைக் கவனித்துப் பாருங்கள், அத்தனை பேரும் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்திருப்பவர்கள். நானும் கல்யாணமான புதிதில் அப்படித்தான் உட்கார்ந்திருந்தேன். உப்பு குறைகிறது, காரம் கூடுகிறது என்று தீர்ப்பு சொல்லிக்கொண்டிருந்தேன். பிறகு என்னை எழுப்பி அடுப்புப் பக்கம் நிறுத்தினார்கள். அதற்கப்புறம் தீர்ப்பு சொல்கிறவர்களைக் கண்டாலே எனக்குக் கரண்டியால் போட வேண்டும் போல இருக்கும்.

எண்பதுகளின் நடுவில், மலாய் நாட்டில் அசாம் ஜாவா என்ற ஊரிலிருந்து உள்ளே தள்ளி ஒரு செம்பனைத் தோட்டம், எண்ணெய்ப் பனை. அங்கே நான் டிராக்டர் டிரைவர். குலைகளை ஏற்றி ஆலைக்குக் கொண்டுபோய்க் கொட்டுகிற வேலை. என் மனைவி சரோஜாவுக்கு ரவாங்கில் ஒரு எலக்ட்ரானிக் தொழிற்சாலையில் வேலை. தலைமுடியைவிட மெல்லிய கம்பியை மைக்ராஸ்கோப்பில் பார்த்து ஒட்ட வேண்டும். விடியுமுன்னே கம்பெனி பஸ் வந்து அள்ளிக்கொண்டு போகும். ஓவர்டைம் முடிந்து ராத்திரி எட்டு மணிக்குத் திருப்பிக் கொண்டுவந்து தள்ளும். அந்த வேலை என்றால் அவளுக்கு உயிர். சீக்கிரமே லைன் லீடர் ஆக்கிவிடுவார்கள் என்று பேச்சு இருந்தது. அதைச் சொல்லும்போது அவள் முகத்தில் ஒரு வெளிச்சம் வரும். என்னைப் பற்றிப் பேசும்போது அது வந்ததாக எனக்கு ஞாபகம் இல்லை.

இதில் என்ன சிக்கல் என்று கேட்பீர்கள். எங்கள் பெரியப்பாதான் சிக்கல். முன்னாள் மண்டோர், அதாவது கங்காணி. தோட்டத்தில் ஓய்வு கொடுத்தும் மனுஷன் ஓயவில்லை, எங்கள் குடும்பத்துக்கு மண்டோராகிவிட்டார். 'மருமக வேலைக்குப் போகட்டும், ஆனா அவ கையால வீட்டுல அடுப்பு எரியணும்' என்பது கல்யாணத்தன்றே அவர் போட்ட சட்டம். அதற்காகச் சரோஜா நடுச்சாமம் தாண்டியதும் எழுந்து அரைத்து, ஆக்கி, மூடி வைத்துவிட்டு பஸ் ஏறினாள். ஏறினவள் மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்தபடியே தூங்கிவிட்டாள். இன்னொரு தடவை தூங்கினால் வீட்டுக்கு அனுப்பிவிடுவோம் என்று சூப்பர்வைசர் சொல்லிவிட்டார். ஆக, சமைத்தால் கம்பெனி அனுப்பிவிடும், சமைக்காவிட்டால் பெரியப்பா நிறுத்திவிடுவார். மிச்சம் இருந்தது நான் ஒருத்தன்.

மனைவியை ஷிப்டுக்கு அனுப்பிவிட்டுச் சட்டி முன்னால் நின்ற அண்ணன் தம்பிகளே, நீங்கள் வெளியே சொல்ல மாட்டீர்கள், எனக்குத் தெரியும். நான் சொல்கிறேன். தலையை மட்டும் ஆட்டுங்கள், போதும்.

சத்தமில்லாத கறி

எங்கள் லயத்து வீடுகள் வரிசையாக ஒட்டிக்கொண்டு நிற்பவை. நடுச்சுவர் கூரை வரை போகாது. ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் மேலே எழும்பி, 'இது போதும்' என்று நின்றுவிடும். பக்கத்து வீட்டில் தும்மினால் இங்கிருந்தே 'நூறு வயசு' சொல்லலாம். அம்மி இழுக்கிற சத்தத்தை வைத்தே அரைப்பது யார், மிளகாயா தேங்காயா, புருஷன் மேல் கோபமா இல்லையா என்று சொல்லிவிடுகிற பெண்கள் எங்கள் லயத்தில் இருந்தார்கள். அங்கே ஒரு ஆம்பளை உட்கார்ந்து அம்மி அரைத்தால் என்ன ஆகும்? மறுநாள் காலைப் பெரட்டில் பேர் கூப்பிடுவதற்கு முன்னாலேயே பெரியப்பா காதுக்குப் போய்விடும்.

சரோஜா யோசித்தாள். தொழிற்சாலையில் அவள் பக்கத்தில் உட்காரும் மலாய்ப் பெண் ஒரு கோழிச்சோறு கொண்டுவருவாளாம். இஞ்சி, பூண்டு, மிளகு, கிச்சாப் என்கிற கறுப்பு சோயா சாஸ், ஒரு சிட்டிகைச் சீனி, கடைசியில் லிமாவ் கஸ்தூரி. அதுதான், நம் கொல்லையில் கோலிக்குண்டு மாதிரிக் காய்த்துக் கொட்டுகிற சின்ன எலுமிச்சை. கோழியைப் பிரட்டி அதே சட்டியில் அரிசியையும் போட்டு மூடினால் முக்கால் மணி நேரத்தில் சாப்பாடு. நான் நாலு மணிக்கு வீடு திரும்பியதும் ஆக்க வேண்டும். யாராவது கேட்டால், அவள் விடியற்காலையிலேயே ஆக்கி வைத்துவிட்டாள், நான் சூடு காட்டுகிறேன் என்று சொல்ல வேண்டும். எனக்குச் சமைக்கத் தெரியாதே என்றேன்.

"அம்மி வேணாம், உரல் வேணாம், ஒரு சத்தமும் வராது. நீங்க மட்டும் வாயை மூடிக்கிட்டு இருந்தீங்கன்னா கறி தானா வெந்துடும்."

காய்ச்சல் மருந்து

லிமாவ் கஸ்தூரியைக் கடைசியில், சட்டியை இறக்கின பிறகு, விதையில்லாமல் பிழிய வேண்டும் என்று சரோஜா படித்துப் படித்துச் சொல்லிவிட்டுப் போனாள். நான் யோசித்தேன். கடைசியில் பிழிந்தால் புளிப்பு எப்படிக் கறியில் ஏறும்? பெண்களுக்கு இந்த விஷயமெல்லாம் புரிவதில்லை. டிராக்டர் இஞ்சினையே பிரித்துச் சேர்த்தவன் நான். ஒரு கை நிறையக் காயைப் பறித்து, இரண்டாக அரிந்து, தோலும் விதையுமாக முதலிலேயே கோழியோடு போட்டு மூடிவிட்டேன். வாசம் பிரமாதமாக வந்தது. என் முதுகை நானே தட்டிக்கொள்ளக் கை எட்டவில்லை.

எட்டு மணிக்குச் சரோஜா வந்தாள். நாள் முழுக்க உழைத்த பசி. முதல் வாயை வைத்தாள், மென்றாள், கண்ணை மூடினாள், ஒரு செம்புத் தண்ணீரைக் குடித்தாள். நான் ஆவலாகப் பார்த்துக்கொண்டே நின்றேன். தோல் வெந்தால் கசக்கும், விதை வெந்தால் அதைவிடக் கசக்கும் என்பது எனக்கு அன்றைக்குத் தெரியாது. 'எப்படி இருக்கு?' என்று வேறு கேட்டுத் தொலைத்தேன்.

"எனக்குக் காய்ச்சல்னு உங்ககிட்ட யாரு சொன்னது?"

முனியாண்டி பேரைச் சொல்லி

கறி பழகிவிட்டது. பத்து நாளில் எனக்குக் கை வந்துவிட்டது என்று பெருமையாகவே சொல்வேன். பிரச்சனை கோழி வாங்குவதில் வந்தது. எங்கள் பக்கத்து ஆம்பளைகள் இரண்டே காரணத்துக்குத்தான் கோழி வாங்குவார்கள். ஒன்று சம்பளத்தன்று தண்ணி போட, இன்னொன்று சாமிக்கு நேர்ந்துகொண்டதைக் கொடுக்க. சம்பளம் போட்டு ரொம்ப நாளான ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம், சட்டையில் எண்ணெய்க் கறையோடு அசாம் ஜாவாவில் போய் ஒருத்தன் கோழி கேட்டால் அது சந்தேகக் கேஸ்.

கோழிக்கடைச் சீன முதலாளிக்கு, நாங்கள் தவுக்கே என்போம், ஊர்த் தமிழ் அத்தனையும் தெரியும். அதைவிட மோசம், அதை உரக்கப் பேசுவார். கடையில் எங்கள் தோட்டத்து ஆட்கள் நாலு பேர் நிற்கும்போது, 'சம்பளம் இல்லை, என்ன கோழி?' என்று கேட்டார். வாயில் வந்ததைச் சொன்னேன். கால்வலி, முனியாண்டிக்கு வேண்டிக்கொண்டேன் என்று சொல்லிவிட்டேன். நாலு பேரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். அதோடு போயிருந்தால் சரி. வியாழக்கிழமை திரும்பவும் போனேன். அடுத்த வாரமும் போனேன். தவுக்கே கோழியின் காலைக் கட்டிக்கொண்டே என் காலைப் பார்த்தார்.

"தம்பி, கால் வலி உனக்கு, கோழி சாப்பிடுறது சாமியா? உன் சாமி ரொம்பச் சாப்பிடுது லா."

படையலில் பங்கு

சாமிக்குக் கொடுத்த கோழியை ஒருத்தனே வைத்துச் சாப்பிடக் கூடாது, கேட்டு வந்தவனுக்கு இல்லையென்று சொல்லக் கூடாது. இது எங்கள் ஊர் வழக்கம். அவசரத்தில் பொய் சொன்னவனுக்கு இதெல்லாம் ஞாபகத்தில் இருக்குமா? என் டிராக்டரில் குலை ஏற்றுகிற கோவிந்தனுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. ஒரு சாயங்காலம், நான் அடுப்பில் பூண்டைப் போட்டு வதக்கிக்கொண்டிருக்கும்போது, மங்குத் தட்டும் கையுமாக வாசலில் வந்து நின்றான்.

மானம் போச்சு என்று நினைத்தேன். கையில் கரண்டி, இடுப்பில் துண்டு, நெற்றியில் வியர்வை. கையும் களவுமாகப் பிடிபட்டேன் என்றுதான் நினைத்தேன். ஆனால் கோவிந்தன் என்ன செய்தான் தெரியுமா? செருப்பைக் கழற்றிப் போட்டான், சட்டையைக் கழற்றி இடுப்பில் கட்டினான், கும்பிட்டுக்கொண்டே உள்ளே வந்தான். முனியாண்டி கோயிலில் ஆம்பளைகள்தானே சமைப்பார்கள்! சாமிக்கு ஆம்பளை சமைத்தால் அது பக்தி, பெண்டாட்டிக்குச் சமைத்தால் அது மானக்கேடு. எந்த மகராசன் எழுதி வைத்த கணக்கோ, அன்றைக்கு எனக்குச் சாதகமாகப் போனது. அவன் தட்டில் பயபக்தியோடு ரெண்டு துண்டு வைத்தேன். கண்ணை மூடிச் சாப்பிட்டான். பாதியில் கண்ணைத் திறந்தான்.

"மச்சான், ருசி அள்ளுது. ஆனா நம்ம முனியாண்டிக்கு எப்பலேருந்து கிச்சாப் ஊத்துறாங்க?"

காலி அம்மி

பக்கத்து வீட்டு அஞ்சலை அக்கா அடுத்த ரப்பர்த் தோட்டத்தில் பால் வெட்டுக்குப் போகிறவர். விடியுமுன்னே எழுந்துவிடுவார். ஒருநாள் குழாயடியில் என்னை நிறுத்தி, 'ஏன் தம்பி, இப்பல்லாம் உங்க வீட்டுல விடியக்காலம் அம்மி சத்தமே இல்லையே? சரோஜாவுக்கு உடம்பு முடியலையா? சண்டையா? மாசமா இருக்காளா?' என்று வரிசையாகக் கேட்டார். மறுநாளிலிருந்து அனுதாபம் கிண்ணம் கிண்ணமாக வர ஆரம்பித்தது. ஒருத்தி கீரை கொண்டுவந்தாள், ஒருத்தி ரசம் கொண்டுவந்தாள். பாவம் அந்தப் பிள்ளை பட்டினி கிடக்கிறான் என்று லயமே பேசியது. சத்தம் வராத கறி என்று இத்தனை பாடுபட்டு ஆக்கினால், சத்தம் வராததே பெரிய சத்தமாகிவிட்டது!

சரி, சத்தம்தானே வேண்டும், கொடுத்துவிடுவோம் என்று முடிவு செய்தேன். சரோஜா பஸ் ஏறுவதற்கு முன்னாலேயே எழுந்து அம்மியில் ஒன்றுமே வைக்காமல், தண்ணீரை மட்டும் தெளித்து, குழவியை இழுத்தேன். என்ன சுகமான வேலை என்கிறீர்கள்! காரம் இல்லை, கண் எரியவில்லை. கல் மேல் கல் உரசுகிற சத்தம் மட்டும் லயம் முழுக்கக் கணீரென்று கேட்டது. நாலைந்து நாள் ஜோராகப் போனது. அப்புறம் ஒருநாள் அசந்து தூங்கிவிட்டேன். சரோஜா என்னை எழுப்பாமலே போய்விட்டாள். திடுக்கிட்டு எழுந்தவன், ஐயோ அம்மி என்று ஓடிப்போய் உட்கார்ந்து, தூங்கின நேரத்துக்கும் சேர்த்து இழு இழு என்று இழுத்தேன். நடுச்சுவருக்கு மேலே அஞ்சலை அக்காவின் தலை எட்டிப் பார்த்தது. ஸ்டூல் போட்டு ஏறியிருப்பார் போல.

"சரோஜா பஸ் ஏறி அரைமணி நேரம் ஆச்சே, அம்மியில உக்காந்திருக்கிற பொம்பளை யாரு தம்பி?"

பெரியப்பாவின் வியாழக்கிழமை

அஞ்சலை அக்கா யாரிடமும் சொல்லவில்லை. நல்ல மனசு என்று நினைக்காதீர்கள். அன்று சாயங்காலமே ஒரு கிண்ணத்தை நீட்டினார். அதில் கோழிச்சோறு வைத்துக் கொடுத்தேன். அப்புறம் கோழி வாங்குகிற நாளெல்லாம் அந்தக் கிண்ணம் வந்தது. வாயை மூட அதைவிட நல்ல மூடி கிடையாது.

ஆனால் முனியாண்டி என்னை விடவில்லை. கோவிந்தன் பத்து பேரிடம் என் பக்தியைப் புகழ்ந்திருக்கிறான். அது பெரியப்பா காதுக்குப் போனது. முனியாண்டி கோயிலுக்கு அவர்தான் தலைவர் என்பதை நான் பொய் சொல்லும்போது யோசித்திருக்க வேண்டும். வாரத்துக்கு ரெண்டு கோழி நேர்ந்து கொடுக்கிறானாம், கோயில் பக்கம் ஒரு சிறகுகூட வரவில்லையே என்று நேராக என் டிராக்டரை மறித்தார். 'கோழி எங்கடா போகுது? உன் பொண்டாட்டி சமைக்கிறாளா, இல்ல கண்டவன் கடையில வாங்கித் திங்கிறியா? வியாழக்கிழமை ராத்திரிச் சாப்பாடு எனக்கு உன் வீட்டுலதான். அவ கைச் சமையல் தட்டுல இல்லைன்னா, வெள்ளிக்கிழமை அவ பஸ் ஏற வேணாம்' என்றார். சரோஜாவிடம் சொன்னேன். அன்றைக்கு ராத்திரி யூனிஃபார்மைத் துவைத்துக் கொடியில் போட்டவள், அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். எப்படியாவது இதை ஜெயித்துவிட வேண்டும் என்று அப்போதுதான் எனக்கு வெறி வந்தது.

வியாழக்கிழமை நான் வேலை முடிந்து, கடையிலேயே வெட்டி வாங்கிய கோழியோடு வருகிறேன், மனுஷன் எனக்கு முன்னாலேயே வந்து உட்கார்ந்திருக்கிறார். உட்கார்ந்த இடம் எது? அடுப்பு நேராகத் தெரிகிற இடம். கோழியை வெளியே வாளியில் போட்டு அதன் மேல் துண்டைப் போட்டு மூடிவிட்டு உள்ளே போனேன். 'சாப்பாடெல்லாம் காலையிலேயே ஆயாச்சு பெரியப்பா, குளிச்சிட்டு வந்து சூடு காட்டுறேன்' என்று சொல்லி, வாளிக் கோழியையும் அரிசியையும் வெறும் சட்டியையும் அவர் பார்க்காமல் பின்பக்கமாக எடுத்துக்கொண்டு அஞ்சலை அக்கா வீட்டுக்கு ஓடினேன். அக்காவின் அடுப்பில் எண்ணெயை ஊற்றினேன், இஞ்சி பூண்டைப் போட்டேன், கோழியைப் போட்டேன். அரிசியையும் போட்டு மூடினேன். சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து பெரியப்பா, 'என்னடா இவ்வளவு நேரமா குளிக்கிறே?' என்று குரல் கொடுத்தார். நான் பதில் சொன்னால் அக்கா சமையலறையிலிருந்து குரல் வருமே! அஞ்சலை அக்கா அலட்டிக்கொள்ளாமல், 'குழாயடியில ஒரே கூட்டம், உங்க புள்ள வரிசையில நிக்குது' என்று கத்தினார். கத்திவிட்டு என்னிடம், 'உப்பு போட்டியா?' என்று கிசுகிசுத்தார். போடவில்லை. அந்த அம்மாள் வாழ்க.

சட்டியைத் துண்டில் மூடிக்கொண்டு பின்கதவு வழியாக வந்து, பெரியப்பா வெற்றிலைக்குக் குனிந்த நேரம் பார்த்து அடுப்பில் வைத்து, சூடு காட்டுகிற மாதிரி ஒரு நிமிஷம் நின்று, தட்டில் போட்டுக் கொடுத்தேன். பெரியப்பா என்னை மேலும் கீழும் பார்த்தார். 'குளிச்சவன் மேல பூண்டு வாசம் வருது?' என்றார். சோப்பு மாறிப்போச்சு என்றேன். வேறு என்ன சொல்ல முடியும்? முதல் வாய் சாப்பிட்டார். ரெண்டாவது வாய். 'புளிப்பு ஒரு இழை தூக்கல்' என்றார் பாருங்கள், எனக்கு எங்கிருந்துதான் வந்ததோ ரோஷம்! 'தூக்கலா? அது கடைசியில பிழிஞ்ச புளிப்பு பெரியப்பா, அப்படித்தான் இருக்கணும், கோழியில ஏறாம சோத்துல நிக்கும்' என்று படபடவென்று கொட்டிவிட்டேன். அவர் கை அப்படியே நின்றது. 'உனக்கு எப்படித் தெரியும்?' என்றார். 'சரோஜா சொன்னா' என்றேன். அன்றைக்குத்தான் புரிந்தது, உயிர் போகிற நேரத்திலும் சமையல்காரனுக்குத் தன் சமையலைக் குறை சொன்னால் பொறுக்காது.

அப்புறம் அவர் குறையே சொல்லவில்லை. இன்னும் கொஞ்சம் என்றார், வைத்தேன். திரும்பவும் நீட்டினார், வைத்தேன். பெரியவர் போதும் என்று சொல்கிறவரை வைத்துக்கொண்டே இருக்க வேண்டும், அவரோ போதும் என்ற சொல்லையே மறந்துவிட்டார். சரோஜாவுக்கென்று கிண்ணத்தில் எடுத்து மூடி வைத்திருந்தேன். 'அது என்ன?' என்றார். அதையும் வைத்தேன். கடைசியில் விரலைச் சூப்பிவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"இது பொம்பளை கைடா. எந்த ஆம்பளை தலைகீழா நின்னாலும் இந்தப் பதம் வராது."

சட்டியின் அடியில்

எட்டு மணிக்குச் சரோஜா வாசலில் வந்து நின்றாள். கண் சிவந்திருந்தது. பெரியப்பாவைப் பார்த்ததும் கைப்பையை மார்போடு பிடித்துக்கொண்டாள். அவர் எழுந்து போய் அவள் தலையில் கையை வைத்தார். 'நீ வேலைக்குப் போ ஆயி, எவன் கேட்டாலும் நான் பாத்துக்கிறேன். இப்படி ஆக்கி வச்சிட்டுப் போறவளை யாரு குறை சொல்றது? இனிமே வியாழக்கிழமை தோறும் எனக்கும் சேர்த்து ஆக்கிரு' என்றார். நான் சந்தோஷத்தில் குதிக்காத குறை. ஜெயித்துவிட்டோம்! அவள் வேலை நிலைத்துவிட்டது, யாரும் இனி அசைக்க முடியாது. அவர் தெருமுனை தாண்டுகிறவரை வாயைப் பொத்திக்கொண்டு நின்றேன்.

திரும்பிப் பார்த்தால் சரோஜா சட்டியைத் திறந்துகொண்டிருந்தாள். உள்ளே ஒன்றும் இல்லை. அடியில் ஒட்டிக்கொண்டிருந்த காந்தலைக் கரண்டியால் சுரண்டி வாயில் போட்டாள். எனக்குச் சுருக்கென்றது. அவளுக்காக ஓடி ஓடிச் சமைத்து, அவளுக்கு ஒரு பிடி இல்லாமல் பண்ணிவிட்டேனே! அந்த ஆத்திரத்தில் எனக்குப் பெரியப்பா மேல் வெறுப்பே வந்தது. 'இரு, இப்பவே போய் எல்லாத்தையும் போட்டு உடைக்கிறேன், சமைச்சது நான்தான்னு சொல்லிட்டு வர்றேன்' என்று சட்டையை மாட்டினேன். உண்மையைச் சொன்னால், அதில் பாதி அவளுக்காக, பாதி அந்தப் பாராட்டுக்காக. சரோஜா கரண்டியை வைக்கவும் இல்லை, குரலை உயர்த்தவும் இல்லை.

"கண்ணு பூத்துப்போற வரைக்கும் நான் பாக்குற வேலை என்னன்னு ஒருநாள் கேட்டிருப்பாரா உங்க பெரியப்பா? நான் தொடாத கோழிக்கு என்னை வேலைக்குப் போகச் சொல்லிட்டுப் போறாரு. சொல்லிடாதீங்க, உட்காருங்க, நாளைக்கு நான் பஸ் ஏறணும். முட்டை இருந்தா ஒன்னு பொரிச்சுக் குடுங்க, பசிக்குது."

ஆக, சக தொழிலாளிகளே, சமைத்தவனுக்குப் பேர் கிடைக்கவில்லை, பேர் கிடைத்தவளுக்குச் சோறு கிடைக்கவில்லை, ஒரு துரும்பையும் நகர்த்தாத மனுஷன் மட்டும் நிறைந்த வயிறோடு ஏப்பம் விட்டுக்கொண்டு நியாயம் வழங்கிவிட்டுப் போனார்.